வடக்குச் சுவரோரம் மூடைகள்

மேடம் இறந்துபோன செய்தி வந்த மூன்றாம் நாள், நகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேடத்துக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அவரோடு வேலை பார்த்த ஆள் என்று இந்தப் பள்ளத்தாக்கில் நான்தான் மிச்சமாம். நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நல்ல விசயமா எழுதுங்க சார்" என்று செருப்பை மாட்டும்போது ஒருவர் சொன்னார்.

நல்ல விஷயம்தான் எழுதப்போகிறேன். ஆனால் மேடம் என்றதும் எனக்கு முதலில் வருவது பயம். அவர் ஒரு நாளும் என்னை அதட்டியதில்லை. அவர் என்னை நம்பினார், அந்த நம்பிக்கையால் வந்த பயம் அது. இந்த வயதிலும் அது என்னை விடவில்லை.

அவர் பெயர் மலரின் அட்டையிலேயே இருக்கும். அதனால் அலுவலகத்தில் கூப்பிட்டபடி மேடம் என்றே எழுதுகிறேன். கட்டடக் கலைஞர். ஆனால் கட்டடத்தை விட இரண்டு கட்டடத்துக்கு நடுவே இருக்கிற இடத்தைத்தான் அதிகம் வரைந்தார். பேருந்து நிலைய வாசல், சந்தைத் திடல், தேர் வீதி என்று எத்தனையோ ஊர்களில் வண்டிக்காக விட்டிருந்த இடத்தை வாங்கி, நடக்கிறவர்களுக்கும் உட்காருகிறவர்களுக்கும் கொடுத்தவர். எங்கள் ஊர் முக்கில் இருக்கும் மேடையை அளந்து பார்க்க இப்போதும் கல்லூரிப் பிள்ளைகள் டேப்போடு வருகிறார்கள். எங்கள் ஊர் பெயரையும் விட்டுவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. "நெழலு பின்னால வந்தாக்கூட யாருன்னு கேப்பாக" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மேலதிகாரி கூப்பிட்டால் எதற்கு என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போவேன். வரைவாளர் வேலை எனக்கு ஏற்றது. தலையைக் குனிந்துகொண்டு செய்யலாம், யாரிடமும் பேச வேண்டாம்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தேன். பிறகு நகராட்சியில் சேர்ந்து, ட்ரேசிங் தாளிலும், வரைபட நகல் எடுக்கும் அம்மோனியா நாற்றத்திலும் பாதி வாழ்க்கை போனது. மீதிப் பாதி கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால். ரோடு போடும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் நடுக்கோடு. அப்புறம் வண்டி ஓடும் அகலம். அப்புறம் சாக்கடை. இவ்வளவும் போக ஏதாவது மிஞ்சினால் அதற்குப் பெயர் நடைபாதை. மிஞ்சாவிட்டால் அதையும் யாரும் கேட்டதில்லை. இருபத்தைந்து வருடம் இப்படியே வரைந்தேன்.

எங்கள் ஊர் முக்கு மூன்று சாலை சேருமிடம். தெற்கே டீக்கடைகள், மேற்கே கேரளாவுக்கு ஏறும் மலைச்சாலை, வடக்கே பழைய சந்தையின் நீளமான சுவர். விடிவதற்கு முன்பே அங்கே ஜீப்புகள் வந்து வரிசை போடும். மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் கொண்டுவந்து விடும் ஜீப்புகள். காமயகவுண்டன்பட்டிப் பக்கமிருந்தும் இன்னும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் முதல் டவுன் பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்குவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் எங்கே காத்திருக்கிறார்கள் என்று எங்கள் அலுவலக வரைபடம் எதிலும் கிடையாது.

அப்போதைய ஆணையருக்கு அந்த முக்கில் ஒரு ரவுண்டானாவும் நீரூற்றும் வைக்க ஆசை. அரசுத் திட்டம் ஒன்றில் பணம் ஒதுக்கி, ஆலோசகராக மேடத்தை அனுப்பினார்கள். வந்த அன்று ஆணையர் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். நீரூற்றுப் படத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. இடத்தப் பாத்துட்டு வந்துரலாமா?" என்றார். வண்டி எடுக்கப் போனவரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டு நடந்தார்.

பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, துணிப்பை. பைக்குள் ஒரு நோட்டு, சாக்பீஸ் டப்பா, மடக்கு நாற்காலி. முக்கில் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுப் பத்தரை மணிக்கு உட்கார்ந்தவர் ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை. கூட வந்த அதிகாரிகள் ஒவ்வொருவராகப் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு கழன்றார்கள். கழன்று போகவும் தைரியம் வேண்டும். எனக்கு இல்லாததால் நான் நின்றேன்.

மத்தியானம் போல, "அந்தம்மா ஏன் வெயில்ல நிக்கிறாங்க? நெழல் இங்க இருக்கே" என்றார். தெரியவில்லை மேடம் என்றேன். "போய்க் கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டேன். நிழலில் நின்றால் பஸ் டிரைவர் கண்ணில் படாது, நிறுத்தாமல் போய்விடுவார் என்று அந்த அம்மா சொன்னார். வந்து சொன்னதும் மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, அடியில் என் பெயரையும் எழுதினார். கேட்டு வந்தவர் ஆரோக்கியசாமி என்று. ஒரு நோட்டில் என் பெயர் ஏறியது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

அவருடைய முறை இதுதான். கோடு போடுவதற்கு முன்னால் ஆள் எண்ண வேண்டும். மூன்று நாள், விடியற்காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை, ஒவ்வொரு மணியிலும் முதல் பத்து நிமிடம். தாளில் மூன்று கட்டம்: நடப்பவர், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர். பக்கத்தில் இடத்தின் சின்னப் படம், அதில் யார் எங்கே என்று புள்ளி. பாதையில் கிடக்கும் பொருள்களுக்குத் தனிக் கட்டம், அதாவது வண்டி, மூடை, கல். எந்தக் கட்டத்திலும் அடங்காத ஆள் இருந்தால் தாளின் பின்பக்கம் வாக்கியமாக எழுத வேண்டும். கடைசியில் எண்ணியவரின் கையெழுத்து. எண்ணுகிறவர் அந்த இடத்திலேயே தரையில் நிற்க வேண்டும், மாடியில் நிற்கக் கூடாது. "மேல இருந்து பாத்தா தலைதான் தெரியும். தலைக்குக் கால் வலிக்காது" என்றார். எண்ணக் கிளம்பிய நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வடக்குப் பக்கம் எனக்கு. அது ஆடி மாதம். மலை இடைவெளி வழியாகக் காற்று ஆளைத் தள்ளும், கூடவே சாரல். முதல் நாள் காலை ஐந்து மணிக்குத் தாளும் பேனாவுமாகப் போய் நின்றேன். ஒரு ஜீப் டிரைவர் வந்தார். எனக்கு இரண்டு மடங்கு உருவம்.

"என்னலே எழுதுற? ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆளா நீ? எத்தன பேர ஏத்துறோம்னு கணக்கெடுக்கியா?"

"இல்லண்ணே, நகராட்சி..."

"எவனா இருந்தா என்ன? இன்னொரு தடவ இங்கன பேனாவோட பாத்தேன், மலைக்குக் கூட்டிட்டுப் போய் பாதி வழில எறக்கி விட்டுருவேன்."

டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "கடை மாடிக்குப் போயிருங்க சார். சன்னல் இருக்கு, காத்தும் அடிக்காது" என்றார். போனேன். மூன்று நாளும் அந்த மாடியில் இருந்துதான் எண்ணினேன்.

சன்னல் வழியாக, ஜீப்புகளை ஒட்டி நிற்பவர்கள் தெரிந்தார்கள். எண்ணினேன். வடக்குச் சுவரோரம் தெருவிளக்கு எரியவில்லை. அங்கே சாக்கு மூடைகள் வரிசையாக இருந்தன. பகலிலும் அந்தச் சுவரோரம் சந்தைக் காய்கறி மூடைகள் கிடக்கும், நாற்பது வருடமாகப் பார்க்கிறேன். ஆறு மணிக்கு அடுத்த தடவை எண்ணும்போது மூடைகள் இல்லை. உள்ளே இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொருள் கட்டத்தில் எழுதினேன்: "வடக்குச் சுவரோரம் மூடைகள், சுமார் முப்பது." மூன்று தாளிலும் அப்படியே. மூன்றிலும் கையெழுத்து.

மேடம் தாள்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தார். என் தாளில் விரலை வைத்தார்.

"இந்த மூடைங்க யாருது?"

"சந்தைக்குப் போற காய்கறி மேடம்."

"மூணு நாளும் காலைல அதே எடத்துலயா? ஒரு மணி நேரத்துல காணாமப் போகுது. யார் எறக்குறாங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். சுமைதூக்குறவங்க" என்றேன். மாடியில் இருந்ததைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயத்தில் வந்த பொய். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, நீங்க பாத்திருந்தா சரி" என்று குறித்துக்கொண்டார்.

வரைபடம் வந்தது. நீரூற்று போய்விட்டது. தெற்கே நடைபாதை அகலமானது, பஸ் நிற்குமிடம் மரத்தடிக்கு வந்தது, டிரைவர் கண்ணில் படும்படி. வடக்கே சுவரோரம், மூடை இறக்குகிறவர்கள் நடுரோட்டில் சிரமப்படாமல் இருக்க, லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்க ஓர் இடம். என் தாளை நம்பிப் போட்ட கோடு அது. நகர்மன்றத்தில் ஒப்புதல் ஆனது. சுவரோரம் வெள்ளைக் கோடு கிழித்து, "சரக்கு வாகனங்கள் மட்டும்" என்று பலகை வைத்து, விளக்குப் போட்டார்கள்.

லாரிகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துவரச் சொல்லி முதல் நாள் என்னை அனுப்பினார்கள். காலை ஐந்தேகாலுக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. புது விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, சுவரை ஒட்டி மூடைகள். இறக்கி வைத்துவிட்டார்களா என்று கிட்டப் போனேன்.

ஒரு மூடை இருமியது.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சாரலுக்கும் காற்றுக்கும் சாக்கை ஒரு மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகை மூடிக்கொள்வார்களே, தோட்ட வேலைக்காரர்களின் கொங்காணி, அதைப் போட்டுக்கொண்டு பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் நெஞ்சில், தூக்குச்சட்டி காலிடுக்கில். ஈரத் தரையில் சேலை படக் கூடாது என்று யாரும் முழுதாக உட்காரவில்லை. ஜீப்பில் ஒரு மணி நேரம் நெருக்கியடித்துப் போகப்போகிறவர்கள், அதுவரை நிற்கவும் விரும்பவில்லை. உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. தலைகளை எண்ணினேன். முப்பது இருந்தன.

அப்போது லாரி வந்தது. பலகையைப் பார்த்து, சரியாக, சட்டப்படி, பின்பக்கமாகத் திரும்பியது. கிளீனர் டிரைவர் பக்கம் நின்றுகொண்டு லாரியின் பக்கவாட்டில் தட்டி "வா வா வா, ரைட்டு, வா" என்றான். அவனுக்கும் அங்கே இருந்தது சாக்குகள்தான். நான் கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பெண்கள்தான் கத்தினார்கள். "ஏலே, ஆளு இருக்குடா!" என்று ஒரு குரல் கிழிந்தது. லாரி குலுங்கி நின்றது. பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு தூக்குச்சட்டி நசுங்கிக் கிடந்தது. சோறு தரையெல்லாம் சிதறியிருந்தது. சட்டிக்காரி ஒரு சாண் தள்ளிச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள். மாயக்கா என்று அவள் பெயர் பிறகு தெரிந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும்.

நான் அலுவலகத்துக்குப் போய், "லாரிகள் ஒழுங்காக வருகின்றன" என்று எழுதிக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம். நானும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று தாளில் என் கையெழுத்து, அதற்கு மேல் ஒரு பொய். சொன்னால் வேலை போகும் என்று நினைத்தேன். மேடத்தின் பெயர் கெடும் என்று நினைத்தேன். மேடத்தின் பெயரை நினைத்தது கொஞ்சம், என் வேலையை நினைத்ததுதான் நிறைய.

சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல், மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு நானே அங்கே போய் நின்றேன். கையில் சிவப்புத் துண்டு. லாரி வந்தால், "இன்னைக்கு வேலை நடக்குது, சந்தைக்குப் பின்னால போங்க" என்று துண்டை ஆட்டுவேன். "காலங்காத்தால சிவப்புத் துண்ட எடுத்துக்கிட்டு எங்க போறீக? கட்சி கிட்சில சேந்துட்டீகளா?" என்று மனைவி கேட்டாள். நடைப்பயிற்சி என்றேன். அந்தப் பெண்கள் நகராட்சி அவர்களைக் காப்பாற்ற ஆள் போட்டிருக்கிறது என்று நினைத்தார்கள். மாயக்கா ஒரு நாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "ஒங்க பிள்ளகுட்டி நல்லா இருக்கணும் சார். எங்களுக்குன்னு ஒரு ஆளு வந்து நின்னது இப்பத்தான்" என்றாள். நான் அந்த டீயைக் குடித்தேன்.

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே சொல்வது எளிது, நடுவில் தடுப்பு இருக்கும். சாமியார் செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பயம் போகவில்லை.

ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. மணி ஐந்தேகால். கம்பளிக்குள் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டேன். ஐந்தரைக்கு எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம். முதலில் தூரத்தில், பிறகு கிட்ட, பிறகு முக்குப் பக்கமாகப் போவது போல. அந்தச் சில நிமிடங்களில் எனக்கு வந்ததைப் போன்ற பயம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யாராக இருக்கும், மாயக்காவா, ஓரத்தில் உட்காரும் அந்த ஒல்லிப் பெண்ணா, எத்தனை பேர் என்று மனது எண்ணத் தொடங்கிவிட்டது. மாடியில் நின்றபோதே எண்ண வேண்டிய ஆட்களை அன்றைக்குப் படுக்கையில் எண்ணினேன். சட்டையைக்கூட மாற்றாமல் எழுந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். மனைவி வாசல் வரை கத்திக்கொண்டே வந்தாள்.

ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. முக்கில் எல்லோரும் இருந்தார்கள். நான் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் மிரட்டியது, மாடி, சன்னல், மூடை, பொய், தூக்குச்சட்டி, மாயக்கா வாங்கிக் கொடுத்த டீ.

அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"இல்ல மேடம்."

"நான் வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு நகராதீங்க. லாரி வரக் கூடாது. ஆணையர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்று பகலே கோட்டின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மாயக்காவிடம் போய், "ஒங்க கொங்காணியக் கொஞ்சம் தாறீங்களா?" என்று கேட்டு வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு, அந்த வயதில், பெண்களுக்கு நடுவே சுவரோரம் குத்தவைத்தார். பெண்கள் சிரித்தார்கள். எழுதுகிற நோட்டைப் பார்த்து, "டீச்சரே, கால் மரத்துப் போகும்" என்றாள் ஒருத்தி. மேடம் என்னையும் உட்காரச் சொன்னார். ஒரு லாரியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று டிரைவரிடம் கேட்டுவரக் கிளீனரை அனுப்பினார். கிளீனர் கேட்டுவிட்டு வந்து சொன்னான்:

"சாக்குதான் தெரியுதாம் மேடம்."

மேடம் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நான் கை கொடுத்தேன். கை சில்லென்று இருந்தது, பிடித்த பிடியை அவர் உடனே விடவில்லை. அவருக்கும் பயம் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடம் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், வரைபடம் தவறு, தவறு தன்னுடையது, நேரில் சரிபார்க்காமல் கோடு போட்டது தான்தான் என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ஆணையர் அறையில் அவரை நிற்கவைத்துப் பேசினார்கள். பக்கத்து ஊர்த் திடல் வேலை அவருக்கு வரவேண்டியது, வேறு ஆளுக்குப் போனது. நான் வாயே திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். லாரிகள் சந்தைக்குப் பின்னால் போயின. சுவரோரம் முழுக்க, குத்தவைக்கிறவர்களும் கால் தொங்கவிட்டு உட்காருகிறவர்களும் இருக்கிற மாதிரி இரண்டு உயரத்தில் ஈரம் தங்காத மேடை, மேலே சாரல் அடிக்காத கூரை, முன்னால் எந்த வண்டியும் ஏற முடியாத உயரத்தில் கல் விளிம்பு. அதற்குப் பிறகு மேடம் எந்த ஊரில் வேலை செய்தாலும் எண்ணும் தாளில் நாலாவதாக ஒரு கட்டம் இருந்தது: "குத்தவைத்திருப்பவர்." அது அவருடைய ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தது என்று அவரைப் பற்றிய கட்டுரைகளில் எழுதுகிறார்கள். என் பயத்திலும் பொய்யிலும் பிறந்தது அது. நினைவு மலரில் யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மேடம் கொங்காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆணையரிடம் சொல்லி சஸ்பெண்டு செய்யவைப்பார், நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆபீஸுக்கு நான் சொல்லிக்கிறேன். இவங்ககிட்ட நீங்க சொல்லிருங்க."

"மேடம், அது..."

"அவங்க உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

ஆணையரைவிட, ஜீப் டிரைவரைவிட, எனக்கு அந்த முப்பது பெண்களைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. ஜீப் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. போய் மாயக்கா முன்னால் நின்றேன். மற்றவர்களும் திரும்பினார்கள்.

"ஒண்ணு சொல்லணும். இந்த எடத்துக்குக் கணக்கு எடுத்தது நாந்தான். மாடியில உக்காந்து எடுத்தேன். உங்களையெல்லாம் மூடைன்னு எழுதிட்டேன். அதப் பாத்துத்தான் இங்கன லாரிக்கு எடம் போட்டாக."

மாயக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூடைன்னா எழுதுனீக?"

"ஆமா."

"அப்படி எழுதுனதுக்குத்தான் கோடு கிழிச்சு, போர்டு வச்சு, லைட்டும் போட்டுக் குடுத்தாகளா?"

"ஆமா."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"இருவது வருசமா இங்கனதான் சார் குத்தவைக்கேன். ஆளுன்னு எழுதியிருந்தா குடுத்திருப்பீகளா?"

நடுக்கோடு, வண்டி அகலம், சாக்கடை, மிச்சம் என்று நான் வரைந்த அத்தனை தாளும் எனக்குத் தெரியும். இன்னொரு பொய் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது.

"இல்ல ஆத்தா, குடுத்திருக்க மாட்டோம்" என்றேன்.